துலக்கிய தோட்டாக்கள்

குன்னூரில் நூர்ஜஹான் துப்பாக்கிக் கடை வைத்திருந்தாள். தங்கவேலாயுதம் அவளைவிட ரொம்ப மூத்தவர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், மீசைக்கும் குறைச்சல் இல்லை. ஆனாலும் தொழில் கற்க அவளிடம்தான் வந்து சேர்ந்தார். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒருநாள் பிரிசில்லா என்ற பெண் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். தேயிலைத் தோட்டம் வைத்திருந்த அவள் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பெட்டிக்குள் அவர் கையாலேயே செய்த தோட்டாக்கள். ஒரு துப்பாக்கியின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை நெருக்கி, வேறொரு துப்பாக்கியின் குண்டைச் செருகித் தனக்கென்று செய்துகொண்டவை. எந்தக் கடையிலும் கிடைக்காது. மனுஷனுக்கு அப்படி ஒரு கிறுக்கு.

"ஞாயித்துக்கிழமை நினைவு நாள். கிளப் மைதானத்துல, அப்பா துப்பாக்கியில, அப்பா செஞ்ச தோட்டாவாலேயே ஒரு ரவுண்டு சுடணும்னு தம்பிக்கு ஆசை. சுடலாமான்னு பார்த்துச் சொல்லுங்க. மிச்சத்துக்கு என்ன விலை வரும்னும் சொல்லுங்க."

"நாளைக்கு வாம்மா," என்றாள் நூர்ஜஹான். அவளுக்கு அன்று கோயம்புத்தூரில் வேலை. "நல்லாப் பார்த்து வைங்கண்ணே" என்று பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தங்கவேலாயுதம் பார்த்தார். பித்தளையில் ஒரே பச்சைக் களிம்பு. சிலவற்றின் அடியில் சிவப்பாக வேறு ஏதோ ஒட்டியிருந்தது. பட்டாளத்தில் இப்படித் தோட்டா வைத்திருந்தால் சுபேதார் தோலை உரித்துவிடுவார். அவருக்கு மனசு கேட்கவில்லை. புளியும் சாம்பலும் வாங்கிவந்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போல ஒவ்வொன்றாகத் துலக்கினார். போகாததை நகத்தால் சுரண்டினார்.

மறுநாள் பிரிசில்லா பெட்டியைத் திறந்ததும் கண் கலங்கிவிட்டாள்.

"ஐயோ, அப்பா நேத்துதான் செஞ்ச மாதிரி இருக்கே!"

"தாராளமா சுடலாம்மா. ஒரு சொத்தை கிடையாது," என்றார் தங்கவேலாயுதம். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போதுதான் நூர்ஜஹான் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எதுலண்ணே களிம்பு இருந்துச்சு?"

"எல்லாத்துலயும்தான் வாத்தியாரம்மா. சிலதுல கழுத்தைச் சுத்தி அரிச்ச மாதிரிகூட இருந்துச்சு."

"எந்தச் சிலதுல?"

அவர் குனிந்து தேடினார். எல்லாம் ஒரே மாதிரி மின்னின.

"அடியில ஒண்ணும் இல்லையா?"

"ஏதோ சிவப்பா இருந்துச்சு. பெயிண்ட் தெறிச்சிருக்கும். சுரண்டிட்டேன்."

பிரிசில்லா சிரித்தாள். "பெயிண்ட் இல்ல சார், அம்மாவோட நெயில் பாலிஷ். அப்பா நைசா எடுத்துட்டுப் போயிடுவார், அம்மா சண்டை போடுவாங்க. வெடிமருந்து அளவுக்கு மேல போனா துப்பாக்கியே வெடிச்சிடும், அதுக்கெல்லாம் பொட்டு வைப்பார், அப்புறமா பிரிச்சுக் கொட்டணும்னு..."

பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள்.

நூர்ஜஹான் பெட்டியைத் தங்கவேலாயுதத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தப் பொண்ணோட தம்பி துப்பாக்கிக் கட்டையில கன்னத்தை ஒட்டி வெச்சுத்தான் சுடுவாரு. அவருக்கு ஒண்ணு எடுத்துக் கொடுங்கண்ணே."

அவர் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதுவும் பளபளவென்றுதான் இருந்தது. முதலில் பயம் வந்தது, வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாவதையும் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

"ஒண்ணும் சுட வேண்டாம்," என்றாள் பிரிசில்லா மெதுவாக. "விக்கவாவது முடியுமா அக்கா?"

"இந்த மாதிரித் தோட்டா சேர்த்து வைக்கிறவங்க பழசை அப்படியே கேப்பாங்கம்மா. துலக்கினதைத் தொடமாட்டாங்க."

பிரிசில்லா மூடியைச் சாத்தினாள். தம்பியிடம் என்ன சொல்வது என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தங்கவேலாயுதத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

"வாத்தியாரம்மா, இதுல நல்லதும் இருக்கும் இல்லியா?"

"நிறையவே இருக்கும்."

"அதைக் கண்டுபிடிக்க எதாச்சும் வழி சொல்லுங்க. என்ன பாடுபட்டாவது பார்த்துடறேன்."

"நேத்து வரைக்கும் அதுங்களே சொல்லிட்டுதான் இருந்துச்சுண்ணே."