மை பூசாத ஏடு

இது சிரிப்புக் கதை. ஆனா இப்பவே சிரிச்சுடாதீங்க, எடுத்து வெச்சுக்கோங்க. எங்கே சிரிக்கணும்னு நான் சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தான். பேரு கட்டாரிராசா. அந்த ஊர்ல மனுசங்களைவிடப் பாம்பு அதிகம். ஆனா கோயில் மண்டபத்துல ஒரு பழைய ஏட்டுக்கட்டு தொங்கும். எந்தப் பாம்பு கடிச்சா என்ன மருந்துன்னு அதுல பாட்டாவே எழுதியிருக்கும். கடிபட்டா ஓடிப்போய் ஏட்டைப் பிரிப்பாங்க, படிப்பாங்க, பிழைப்பாங்க. ஏடுதான் இருக்கேன்னு யாரும் மனப்பாடம் பண்ணலை.

ராசாவுக்கு அது பொறுக்கலை. மூக்காலே பேசுவான், இப்படி: “ம்ம்ம், நம் ஊரில் எவன் பிழைத்தாலும் நம்மைக் கும்பிட்டுத்தான் பிழைக்க வேண்டும்.” ஏட்டை அரண்மனைக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்.

காலையில ஆடு மேய்க்கிற மொக்கையனைப் பாம்பு கடிச்சுது. வாசல்ல வந்து விழுந்தான். “நாம் பூசையில் இருக்கிறோம், அப்புறம் வா”ன்னான் ராசா. மொக்கையன் செத்துட்டான். அப்புறம் நாத்து நடுற காத்தாயியைக் கடிச்சுது. “நாம் சாப்பாட்டில் இருக்கிறோம், அப்புறம் வா”ன்னான். அவளும் செத்துட்டா. அப்புறம் ஏடெழுதுற செங்கோடனோட மக சிலம்பாயி, ஏழு வயசு, அவளைக் கடிச்சுது. செங்கோடன் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தான். ராசா ஊஞ்சல்ல ஆடிக்கிட்டு இருந்தான்.

“நாம் சும்மா இருக்கிறோம். அப்புறம் வா.”

“சும்மாதானே இருக்கீங்க மகாராசா. ஒரு ஓலை. ஒரே ஒரு ஓலை பார்த்துச் சொல்லுங்க.”

“எல்லாரும் பிழைத்துவிட்டால் நம் ஏட்டுக்கு என்னடா மதிப்பு?”

ஊஞ்சல் ஆடிக்கிட்டே இருந்துச்சு. தோள்ல இருந்த பிள்ளை குளிர்ந்து போச்சு.

ஏய், யாரது சிரிச்சது? சிரிப்பு இன்னும் வரலை.

அப்புறம் ஒரு வருசம் போச்சு. பெட்டிக்குள்ளேயே கிடந்த ஏட்டைச் செல்லுப்பூச்சி அரிச்சிடுச்சு, தொட்டா உதிர்ந்துச்சு. புதுசாப் படியெடுக்கணும். அந்த நாட்டுல எழுத்தாணி பிடிக்கிறவன் செங்கோடன் ஒருத்தன்தான். கூப்பிட்டாங்க. வந்தான், ஒரு வார்த்தை பழசைப் பேசலை. புது ஏட்டை வேற எவனும் படிச்சிடக் கூடாது, அதுக்கு என்ன வழின்னு ராசா கேட்டான். அது சுலபம்னு சொன்னான் செங்கோடன். ஓலையில எழுத்தாணியாலே கீறுறது மட்டும்தான் எழுத்து. மேலே கரி தடவினாத்தான் அது கண்ணுக்குத் தெரியும். கரி தடவாம வெச்சா வெறும் கீறல்தான், திருடனுக்கும் புரியாது. வேணுங்கிறப்ப விளக்குக் கரியைக் கோவையிலைச் சாத்துல குழைச்சுத் தடவிக்கலாம்.

“ம்ம்ம், நாம் அதைத்தான் யோசித்தோம்”னான் ராசா. யோசிக்கவே இல்லை அவன்.

ஏடு எழுதுறவங்களுக்கு ஒரு வழக்கம். வாய்விட்டுப் பாடிக்கிட்டேதான் எழுதுவாங்க, அப்பத்தான் சொல்லு தப்பாது. செங்கோடனும் உரக்கப் பாடினான். ராசா பக்கத்துலேயே உட்கார்ந்து பழைய ஏட்டை வெச்சு ஒரு சொல் விடாம சரிபார்த்தான். எல்லாம் சரியா இருந்துச்சு. வாய் சரியாத்தான் பாடிச்சு, ஆனா கை எழுதினது வேற. மதிலுக்கு அந்தப் பக்கம் கிணத்தடி. தண்ணி சேந்த வந்த பொண்ணுங்க, முதல் நாள் நல்லபாம்புக்கு மருந்துப் பாட்டைக் கேட்டாங்க, ரெண்டாம் நாள் கட்டுவிரியனுக்குக் கேட்டாங்க, மூணாம் நாள் கண்ணாடிவிரியனுக்குக் கேட்டாங்க, கேட்டுப் பாடம் பண்ணி ஊருக்கே சொல்லிட்டாங்க.

ஆடிப்பெருக்கு வந்துச்சு. பழைய ஏட்டை ஆத்துல விடுறது வழக்கம் இல்லையா, ராசா மேளம் அடிச்சு தன் கையாலேயே விட்டான். அன்னைக்கிலிருந்து மருந்து கேட்டு ஒருத்தரும் வாசலுக்கு வரலை. ராசா மீசையை முறுக்கினான்: “நம் பேரைக் கேட்டே பாம்பெல்லாம் நாட்டை விட்டு ஓடிவிட்டன.”

இப்ப சிரிங்க. இதுக்கு மேல சிரிப்பு இல்லை.

ஒரு நாள் உச்சி வெயில்ல, தோட்டத்துல ராசா காலைக் கண்ணாடிவிரியன் கடிச்சுது. சமையக்காரி மாரக்கா கரண்டியோட ஓடி வந்து, “காலைக் காட்டுங்க மகாராசா, எனக்கு...”ன்னா. ராசா காதுல வாங்கலை. கரியும் இலைச்சாறும் வாங்கிக்கிட்டு, எல்லாரையும் வெளியே துரத்திட்டு, ஏட்டை எவரும் பார்க்கக் கூடாதுன்னு ஏட்டறைக்குள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டான்.

முதல் ஓலையில கரி தடவினான். எழுத்து ஒண்ணொண்ணா எழும்பி வந்துச்சு. மொக்கையன், ஆடு மேய்த்தவன். அரசர் பூசையில் இருந்தார். செத்தான்.

ரெண்டாவது ஓலை. காத்தாயி, நாற்று நட்டவள். அரசர் சாப்பாட்டில் இருந்தார். செத்தாள்.

மூணாவது. சிலம்பாயி, ஏழு வயது. அரசர் சும்மா இருந்தார். செத்தாள்.

கால் வீங்கி முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. நாலாவது ஓலை முழுக்கக் கரியை அப்பினான். கட்டாரிராசான்னு பேரு மட்டும் இருந்துச்சு. மத்ததெல்லாம் வெறும் ஓலை. அஞ்சாவதும் வெறும் ஓலை, ஆறாவதும் வெறும் ஓலை.

பொய்யாச்சே, நம் காதாலேயே கேட்டோமே, ஒரு சொல் தப்பலையேன்னு நினைச்சான். நினைக்கும்போதே அந்தப் பாட்டு கேட்டுச்சு. அதே ராகம், அதே சொல்லு. கதவுக்கு வெளியே மாரக்கா பாடிக்கிட்டிருந்தா. அவ நிறுத்தின இடத்துல காவக்காரன் எடுத்துப் பாடினான். “கதவைத் திறங்க மகாராசா, மருந்தை இடிச்சாச்சு”ன்னு கத்தினாங்க.

ஊருக்கெல்லாம் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுது. தாழ்ப்பாளைப் பார்த்தான். எட்டு அடி தூரம். கால் எழும்பலை, நாக்கும் எழும்பலை.

ஏடு போனது ஊருக்கு, ராசா போனது சுடுகாட்டுக்கு, கதை போனது உங்க காதுக்கு.