தாளாளர் படம் போட்ட போஸ்டர்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் கூடைப்பந்து அணிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்தியவள் லேப் அசிஸ்டென்ட் மரியபுஷ்பம். தாளாளர் தங்கப்பாண்டியனோ, எந்தப் போஸ்டரிலும் தன் முகம் தாம்பாளம் அளவு, ஆடும் பிள்ளைகள் ஸ்டாம்ப் அளவு என்று சட்டமே வைத்திருந்தார்.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அதட்டினார். "நல்லா ஆடுற பிள்ளைங்க நாற்பது பேர் இந்த வருஷம் நம்மளைத் தேடி வரணும். கூட்டமும் அள்ளணும். இல்லேன்னா பக்கத்தை இழுத்து மூடிரு!"

"உங்க படம் மட்டும் போதும் ஐயா. நான் வரவைக்கிறேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவள் நீட்டிய போஸ்டரில் மீசை முழுசாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொன்னார்.

போஸ்டரில் அழைத்திருந்த சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. அறுபது பிள்ளைகள் ஷூ மாட்டி நின்றார்கள். மரியபுஷ்பம் பந்தைத் தாளாளரிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"உங்க படத்துக்குக் கீழே போட்டிருக்கே ஐயா. 'இவரைவிட ஒரு கூடை கூடுதலாப் போட்டா ஹாஸ்டல் இலவசம்.'"

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. ஒரு கையில் வேட்டி, மறு கையில் பந்து என்று பத்து தடவை எறிந்தார். பந்து வளையத்தைத் தொடவேயில்லை. ஆளுக்கு ஒரு கூடை போட்டு அறுபது பேரும் ஜெயித்தார்கள்.

"அம்மா தாயே, இனி என் படமே வேண்டாம்!"

"ஸ்டாம்ப் அளவுக்காவது போடட்டுமா ஐயா?" என்றாள் மரியபுஷ்பம்.