பன்னிரண்டாவது தாள்

சீடருக்கு அறுபத்தேழு வயது. குருவுக்கு முப்பத்து நான்கு. சபியா கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவள். "குருன்னு கூப்பிடாதீங்க ஐயா, கூச்சமா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். அவளிடம் புள்ளியியல் கற்க வரும் தணிகாசலம் கேட்கவில்லை. தபால் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவரின் பிடிவாதம் லேசில் போகாது.

மனைவி போன பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தனியாக வாழ்கிற பதினோரு பேரை வாரம் இருமுறை வாசகசாலையில் கூட்டி, டீ கொடுத்துப் பேசவைத்தார். தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு தாளில் பெயரையும், தனிமை பத்துக்கு எத்தனை என்றும் எழுதி வாங்கினார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் வாங்கினார்.

அந்த இரண்டு அடுக்கையும் இப்போது சபியாவின் மேஜையில் வைத்தார்.

"ரெண்டு குழுவோட சராசரியை ஒப்பிடற டி சோதனை போட்டேம்மா. பெரிய வித்தியாசம் இல்லைன்னு வருது. கூட்டத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன்."

சொல்லும்போது குரல் இறங்கியது. நிறுத்திவிட்டால் அவருக்கும் போக்கிடம் கிடையாது.

"அது வேற வேற ஆளுங்களை ஒப்பிடறதுக்கு. இங்க ரெண்டு அடுக்குலயும் யாரு?"

"அதே ஆளுங்கதான்."

"அப்புறம் ஏன் பிரிச்சு வெச்சிருக்கீங்க?"

குண்டூசி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பெயர் பார்த்து, ஒவ்வொருவரின் இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தினார். ஒன்பது, எட்டு. நாலு, மூணு. எட்டு, ஆறு. ஒருவருக்கு மட்டும் மூன்று மூன்றாகவே இருந்தது. யாருக்கும் கூடவில்லை.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒவ்வொரு ஆளோட வித்தியாசத்தையும் பாக்கற ஜோடி டி சோதனை போடுங்க. நிறுத்தறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள்.

மேஜையில் ஒரு தாள் மிஞ்சியிருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார்.

"அது யாரோடது?"

"என்னோடது. எப்படி எழுதறதுன்னு காட்டறதுக்கு முதல்ல நான்தான் எழுதினேன். ஜோடி இல்லாதது கணக்குல சேராதில்ல?"

"சேராது. ரெண்டாவது தாள் எங்க?"

"ரெண்டாவது தடவை எல்லாருக்கும் எழுதத் தெரிஞ்சிருந்துச்சு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எல்லாரையும் நான் கேட்டேன். என்னை யாரும் கேக்கலம்மா."

சபியா தாளை வாங்கிப் பிரித்தாள். பத்து என்று எழுதியிருந்தது.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் கேக்கறேன் ஐயா. இப்ப எத்தனை?"