பட்டாளத் துப்பாக்கிக்குக் கட்டை போட்ட உளுந்தம்பாறைக்காரர்கள்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் தங்கச்சி புருஷன் கோட்டைச்சாமி. இரண்டாவது அவன் தம்பி இருளப்பன். மூன்றாவது அவர்கள் சித்தப்பா மகன் பொன்னாங்கன். இந்த வரிசை மாறக்கூடாது.

மூவரும் உளுந்தம்பாறைத் தச்சர்கள். அடுப்பில் பால் பொங்குகிறதா பார் என்றால், பொங்கி அடுப்பை அணைக்கும் வரை பார்த்திருந்துவிட்டு, "ஆமா, பொங்கிருச்சு" என்று சொல்கிறவர்கள்.

என் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வந்து எஸ்டேட் காவலுக்குப் போனபோது, முதலாளி ஏலத்தில் எடுத்த பட்டாளத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். பன்றி விரட்ட இலேசாக இருக்கட்டும் என்று அதன் குழாயைத் தாங்கும் மர முன்கட்டையைப் பாதிக்கு மேல் அறுத்து எறிந்திருந்தார்கள். அப்பா காலமான பிறகு போலீஸ்காரர்கள் குழாயை அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். இனி அது வெறும் கம்பு.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் சுபேதார் தேவசகாயம் எனக்கு ஒரு கடிதம் போட்டார். துப்பாக்கியை ஆதியில் இருந்தபடி ஆக்கிக் கொடுத்தால் சங்கத்துச் சுவரில் மாட்டி, அப்பா பெயரைப் பித்தளைத் தகட்டில் அடித்து வைப்பாராம். அப்பா பட்டாளத்தில் அதே ரகத் துப்பாக்கியோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் உடன் வைத்திருந்தார். கடிதத்தில் உத்தரவு இவ்வளவுதான்: 'பழைய மரம் போட வேண்டும். படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.'

அப்பாவுக்கு ஊரில் ஒரு கல்வெட்டு கிடையாது. ரேஷன் கார்டில்கூடப் பெயர் தப்பு. அந்தத் தகடு எனக்கு வேண்டும்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கண்ணில் புரை அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். பத்து நாள் அசையாமல் படு என்று டாக்டர் சொன்னார். "நாங்க பாத்துக்கறோம் மச்சான்" என்றான் கோட்டைச்சாமி. துப்பாக்கி, படம், கடிதம் மூன்றையும் கொடுத்தேன்.

மறுநாள் மூவரும் என் தலைமாட்டில் நின்று பேசினார்கள்.

"ஊருலயே பழைய மரம் எது?" என்றான் இருளப்பன்.

"மச்சான் கட்டில்தான். அவங்க தாத்தா காலத்து ஈட்டி மரம்" என்றான் கோட்டைச்சாமி.

"அதுல மச்சான் படுத்திருக்காரே?"

"மரத்துல படுத்தா மரம் புதுசாயிருமா?"

ரம்பச் சத்தம் கேட்டது. "மாப்பிள்ளை, என்னய்யா அது?" என்றேன். "ஒண்ணுமில்ல மச்சான், கண்ணைத் தொறக்காதீங்க" என்றான். இடது பக்கச் சட்டம் போனது. நானும் இடது பக்கமாகப் போனேன்.

மரவேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஈட்டிக் கட்டை துப்பாக்கியோடு பிறந்தது போலப் பொருந்தியது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் பொன்னாங்கன் படத்தை எடுத்து வெயிலில் பிடித்தான்; இதெல்லாம் தங்கச்சி பிறகு சொன்னது.

"அண்ணே, படத்துல விசையைக் காணோம்."

"கை மறைச்சிருக்குடா."

"கைக்குப் பின்னாடி இருக்குன்னு எங்க எழுதியிருக்கு? ஒண்ணு கூடவும் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு."

அரை நாள் யோசித்து, விசையைக் கழற்றிக் கிணற்றில் போட்டார்கள்.

பிறகு இருளப்பன், கட்டையில் இருக்கும் சிவப்பு கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லை என்று கண்டுபிடித்தான். ஈட்டிக் கட்டையின் மேல் சுண்ணாம்பும் அடுப்புக்கரியும் ஏறின.

"இப்ப ஒண்ணுதான் குறையுது" என்றான் பொன்னாங்கன்.

"என்ன?"

"ஆள்."

மூவரும் படத்தைப் பார்த்தார்கள். துப்பாக்கியைப் பிடித்தபடி என் அப்பா நின்றார்.

"மீசை இருக்கறது கோட்டைச்சாமி அண்ணனுக்குத்தான்" என்று முடிவானது. முகத்துக்கும் சுண்ணாம்பு, கரி. "படத்துல இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லையே?" என்று இருளப்பன் கேட்டதற்கு, அண்ணனை ஒரு தகர டிரம்முக்குள் இறக்கினார்கள்.

கண் கட்டு அவிழ்த்த அன்று, எல்லாம் சங்கத்துக்குப் போய்விட்டது என்று கேட்டு நான் அங்கே ஓடினேன். சுவரோரம் டிரம். டிரம்முக்கு மேல் என் அப்பா, என் மாப்பிள்ளையின் மூக்கோடு.

"துப்பாக்கி மட்டும் போதும், ஆளை எடுங்கப்பா" என்றார் சுபேதார். இருளப்பன் கடிதத்தை நீட்டினான். "குறையக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

சுபேதார் இரண்டு முறை படித்தார். பட்டாளத்துக்காரர், எழுதின உத்தரவை மீற மாட்டார், அவரே எழுதியிருந்தாலும். படத்தையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்றார். தகட்டை மாட்டச் சுவர் எதற்கு என்று கோட்டைச்சாமி கழுத்திலேயே மாட்டினார்.

நான் கோட்டைச்சாமி மேல் கையை ஓங்கிவிட்டேன்.

"மச்சான்! பெத்தவரையா அடிக்கிறீங்க?" என்று பொன்னாங்கன் என் கையைப் பிடித்தான். அங்கிருந்த முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து 'ச்சே' என்றார்கள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. கோட்டைச்சாமி இன்னும் அங்கேதான் நிற்கிறான். சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து சல்யூட் அடிக்கிறார்கள். என் தங்கச்சி மத்தியானம் சோறு கொண்டுபோகிறாள். அப்பாவுக்கு ஆகாது என்று அவனுக்குக் கருவாடு வைப்பதில்லை. அப்பாவின் தெவசத்தையும் இந்த வருஷம் நிறுத்திவிட்டாள்.

கட்டில் சட்டம் போகட்டும். விசை போகட்டும். என்னிடம் ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டாமா? போன வாரம் நேரில் போய், "செஞ்சதுக்கு மன்னிப்புக் கேளுய்யா" என்றேன்.

அவன் உதடு அசையாமல் சொன்னான்: "பெத்த அப்பனையே மன்னிப்புக் கேக்கச் சொல்றியாடா?"