மூன்று பேர் கொடுத்த சேவல்

கிருபாபுரத்துக் கிறிஸ்தவக் கோயிலில், ஓர் அறுப்பின் பண்டிகையன்று, ஒரே சேவலை மூன்று பேர் கொடுத்தார்கள். அது எப்படி நடந்தது என்று சொல்வது என் பாடு. மூவரில் யாருடைய கொடை பெரிது என்று சொல்வது உங்கள் பாடு.

அந்த ஊரில் எப்சிபாய் என்றொரு பெண் இருந்தாள். கணவன் இறந்த பிறகு வீட்டு வாசலில் இட்லி அவித்து விற்றுப் பிழைத்தாள். கையில் இருப்பதைக் கொடுப்பதில் அவளுக்கு அப்படியோர் ஆனந்தம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு முதலில் போய் நிற்பது அவள்தான். ஆனால் யாரிடமிருந்தும் எதையும் வாங்க மாட்டாள்.

தையற்காரன் நேசையனின் தாய் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, தினமும் போய்க் குளிப்பாட்டித் துணி துவைத்துப் போட்டவள் எப்சிபாய். தாயை அடக்கம் செய்த பிறகு நேசையன் ஒரு புடவை வாங்கிக்கொண்டு போனான். "எனக்கு எதுக்குய்யா இது? ஒன் தங்கச்சிக்குக் கொடு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோனான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது. நேசையன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். அவன் மனம் நொந்தது எப்சிபாய்க்குத் தெரியவே தெரியாது.

அந்த ஆண்டு ராகேல் என்பவளின் வீடு தீப்பிடித்து எரிந்தது. புருஷனும் பிள்ளைகளுமாக அவர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலமோ நெருங்கிவிட்டது. அறுப்பின் பண்டிகைக்கு ஊரார் படைக்கும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுச் சேரும் பணம் முழுவதும் ராகேல் வீட்டுக் கூரைக்குத்தான் என்று குருவானவர் அறிவித்தார்.

எப்சிபாய் தன் செவலைச் சேவலைக் கொடுப்பதென்று முடிவு செய்தாள். குஞ்சிலிருந்து அவள் வளர்த்தது. அடுப்பு மூட்ட உட்கார்ந்தால் தோளில் வந்து ஏறிக்கொள்ளும். அதன் காலில் சிவப்பு நாடா கட்டி, ஆராதனையின்போது பீடத்தின் முன்னே கொண்டுபோய் வைத்தாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள், மகளுக்குக் கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் தொடங்கியது. பூசணிக்காய் போயிற்று, வாழைத்தார் போயிற்று. பிறகு, குருவானவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் சேவலைத் தூக்கிப் பிடித்தார்.

அரிசி ஆலை வைத்திருந்த சாமுவேல்துரை எடுத்த எடுப்பிலேயே ஒரு பெரிய தொகையைச் சொன்னார். மேலே கேட்க ஆளில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, "சேவலைக் கோயிலுக்கே கொடுத்துட்டேன். மறுபடியும் ஏலத்துல விடுங்க, உபதேசியாரே!" என்று சிரித்தார். கூட்டம் கைதட்டியது. அந்த ஒரு தொகையிலேயே கூரை முக்கால்வாசி ஏறிவிட்டது.

இரண்டாம் தடவை கேட்டவன் நேசையன். வாடகை மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவன் அவன். சொந்த மிஷின் வாங்கச் சேர்த்துவைத்ததை அன்றைக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இன்னொருவர் ஏற்ற ஏற்ற அவனும் விடாமல் ஏற்றினான். கடைசியில் பை காலியாயிற்று. சேவல் அவன் கைக்கு வந்தது. அதை நேரே கொண்டுபோய் எப்சிபாயின் மடியில் வைத்தான்.

"சித்தி, இது ஒங்களுக்கு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த சாந்தகுமாரி எப்சிபாயின் காதோரம் குனிந்தாள். "மைனி, ஆண்டவருக்குக் கொடுத்ததை வீட்டுக்கா கொண்டுபோவீங்க? சாமுவேல்துரை அண்ணாச்சி செஞ்சமாதிரி நீங்களும் திருப்பிக் கொடுத்துருங்க."

"மூணாந்தரமும் விடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். உபதேசியார் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

எப்சிபாயும் கொடுக்கத்தான் எழுந்தாள். கொடுத்தால் ஊரே மெச்சும். ராகேல் வீட்டுக்கும் இன்னும் கொஞ்சம் சேரும். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் நேசையனைப் பார்த்தாள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது முன்பே தெரிந்தவன்போல் தலையைக் குனிந்து நின்றான். புடவையைத் திருப்பி அனுப்பிய அன்றும் அவன் இப்படித்தானே நின்றான்! அவளுக்குச் சுரீரென்றது.

மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

"நானே வச்சுக்கிடுதேன்யா" என்றாள். "எனக்கு ரொம்ப சந்தோசம்."

நேசையன் நிமிர்ந்தான். சிரிக்கப் பார்த்தான், அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எப்சிபாய் வீட்டுக்கு நடந்தபோது, "கொடுக்கிற மாதிரி கொடுத்து வாங்கிக்கிட்டாளே" என்று இரண்டு பேர் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் நடையை மாற்றவில்லை.

மழைக்கு முன்பே ராகேல் வீட்டுக்குக் கூரை ஏறியது. ஆனால் ஊரில் வாக்குவாதம் ஓயவில்லை. கூரையைப் போட்டது சாமுவேல்துரையின் பணம்தானே என்றார்கள் சிலர். நேசையன் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டுச் சேவலையும் கொடுத்தானே என்றார்கள் வேறு சிலர். எப்சிபாயின் பேரைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அவள் சேவல்தான் கூட்டுக்குத் திரும்பிவிட்டதே!

நீங்கள் சொல்லுங்கள்: அன்று இந்த மூவரில் பெரிதாகக் கொடுத்தவர் யார்?

விடை: சாமுவேல்துரையின் பணத்தால் ஒரு குடும்பம் நனையாமல் தூங்கியது, அதைக் குறைத்துப் பேச யாருக்கும் வாயில்லை. நேசையன் கொடுத்தது அவனுடைய நாளைய பிழைப்பை. ஆனாலும் என் தீர்ப்பு எப்சிபாய்க்கே. மற்ற இருவரும் கொடுத்தார்கள், கொடுத்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார்கள். எப்சிபாய் முதலில் சேவலைக் கொடுத்தாள். பிறகு, தனக்கு உயிராக இருந்த அந்த மகிழ்ச்சியையே எடுத்து நேசையனுக்குக் கொடுத்தாள், ஊர்ப்பேச்சைத் தன் தலையில் போட்டுக்கொண்டு. மறுநாள் காலை நேசையன் அவள் வாசலில் வந்து உட்கார்ந்தான். "சித்தி, பசிக்கி" என்றான். அவள் இட்லி வைத்தாள். காசு என்ற பேச்சே எழவில்லை.