இங்கே யார் கைதட்டுவார்கள்?

ஊர் என்று ஒன்று இருந்தது. ஊருக்குக் கோயில் கொடைத் திருவிழா இருந்தது, கொடைக்கு மேடை இருந்தது, மேடையில் பாடச் சற்குணம் இருந்தான்.

ஒரு வருஷம் தொண்டை கட்டியது. கட்டினது அவிழவே இல்லை.

பாட்டுப் போனபின் அறைக்குள் அவனும் செல்போனும்தான். அதைப் பார்த்துப் பார்த்தே இணையப் பக்கம் கட்டக் கற்றுக்கொண்டான். இதையே பிழைப்பாக்குவதா, மச்சானின் சோடா கம்பெனிக்குப் போவதா? திங்கட்கிழமைக்குள் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தொழில் தெரிந்தவர்களைத் தேடித் தேடிப் போய் ஒரே கேள்வி கேட்டான்.

"இந்த வேலையிலே யார் கைதட்டுவாங்க?"

பக்கத்துக்கு வடிவம் போடுகிறவர் சிரித்தார். "கைதட்டா? லோகோவைப் பெருசாக்கச் சொல்லுவாங்க."

கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவர் ஹெட்போனில் ஒரு காதை மட்டும் விலக்கினார். "தப்பு வந்தா போன் வரும்."

"வரலேன்னா?"

"போனும் வராது."

கடைசியாக ஜெயசீலியிடம் வந்தான். அவனுக்கு இளையவள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடி அறையில் தனியாக இருந்து பக்கம் கட்டுகிறவள்.

கேள்வியைக் கேட்டான்.

"நீங்க கட்டினதைக் காட்டுங்க அண்ணாச்சி."

காட்டினான். கண் ஆஸ்பத்திரிக்கு முன்பதிவு செய்கிற பக்கம், பழகுவதற்காகக் கட்டினது. கொடை மேடை சீரியல் லைட்டு மாதிரி சுற்றிலும் மினுங்கியது.

கீழே கடைக்கு வந்திருந்த பெரியவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். "தாத்தா, டாக்டரைப் பார்க்க இதிலே ஒரு நாள் வாங்குங்க."

சற்குணத்தைப் பின்னால் நிறுத்தினாள். உதட்டில் விரல் வைத்தாள். "கட்டினவர் வாய் திறக்கக் கூடாது. அதான் வழக்கம்."

பெரியவர் மினுங்குகிற இடமெல்லாம் அமுக்கினார்.

"எங்கப்பா அமுக்கணும்?"

சற்குணத்துக்குப் பொறுக்கவில்லை. "கீழே தாத்தா, கீழே!"

ஜெயசீலி அவனைப் பார்த்தாள். "எல்லார் வீட்டுக்கும் நீங்க கூடவே போவியளா அண்ணாச்சி?"

"கண்ணு தெரியாதவனுக்கா இம்புட்டு வெளிச்சம்?" என்று பெரியவர் எழுந்து போனார்.

மறுநாள் சற்குணம் வந்தான். மினுக்கமெல்லாம் போயிருந்தது. ஒரு கேள்வி, ஒரு பொத்தான்.

இந்தத் தடவை, இடுப்பில் பிள்ளையோடு ஒரு அக்கா. பேரைப் போட்டாள். பிள்ளை அழுதது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே மறு கையால் நாளைத் தொட்டாள்.

சற்குணம் வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நின்றான்.

"முடிஞ்சிட்டு. கீழே என் ஜெராக்ஸ் கிடக்கு, வாரேன்."

பையை எடுத்தாள். திரையையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

"கேட்டுதா அண்ணாச்சி?" என்றாள் ஜெயசீலி.

"என்னது?"

அவள் வாசலைக் காட்டினாள்.

சற்குணம் காதைக் கொடுத்துக்கொண்டே, அடுத்து வருகிற ஆளுக்காக நாற்காலியை நேராக்கினான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் பட், பட், பட்டென்று இறங்கியது. எங்கேயும் தயங்காமல் தெருவுக்குள் போனது.