பஞ்சு வைத்த கிரீடம்

மலைக்கு அந்தப் பக்கம் கொன்றைநாடு என்று ஒரு சீமை. ரொம்ப காலத்துக்கு முன்னால் அதை விக்கிரமகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. அந்த நாட்டில் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. பெற்ற பிள்ளை முன்னால்கூட ராஜா கிரீடத்தைக் கழற்றக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் மட்டும் கழற்றலாம். அப்போது ராஜாவின் தலையைப் பார்க்கிற ஒரே ஆள், அவர் அப்பா காலத்திலிருந்தே எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடும் மாசானம்.

முப்பது தாண்டியதுமே ராஜாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும் தேய்த்தார். தலையில் சமையற்கட்டு வாசம் வந்ததே தவிர முடி வரவில்லை.

கோட்டைத் தலைவர் இடும்பராயருக்கு மாசானத்தின் மேல் வெகுநாள் பொறாமை. ராஜா தன்னை விட்டுவிட்டு எண்ணெய்க்காரனிடம் சிரித்துப் பேசுகிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, அவன் எண்ணெயில்தான் எதையோ கலக்கிறான்" என்று போட்டுக்கொடுத்தார்.

ராஜா மாசானத்தைக் கூப்பிட்டார். "என் முடி ஏன் கொட்டுகிறது? உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மகாராஜா. ஆனால் சொல்ல முடியாது. சத்தியம் செய்திருக்கிறேன்."

போதாதா? மாசானமும் அவர் மனைவி பேச்சியும் உடனே ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. அடைமழைக் காலம் அது. "அவளுக்குக் காய்ச்சல் மகாராஜா. மழை விட்டதும் போகிறோம்" என்று மாசானம் கெஞ்சினார். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளிநாட்டுக்குத் தூது போயிருந்த மந்திரி திருவம்பலம் சில மாதம் கழித்துத் திரும்பினார். எண்ணெய் மாறியும் முடி கொட்டுவது நிற்கவில்லை என்று கேள்விப்பட்டார். மறுநாள் சபையில் எழுந்து, "நம் சபையிலேயே அழகான முடி யாருக்கோ அவருக்கு ஒரு பட்டம் தரலாம் மகாராஜா. அதை வளர்த்த ரகசியத்தை மட்டும் அவர் சொல்ல வேண்டும்" என்றார்.

இடும்பராயர் முந்திக்கொண்டு குடுமியை அவிழ்த்து உதறினார். "இதில் என்ன ரகசியம்? மகாராஜாவுக்குக் காய்ச்சுகிற எண்ணெயில் எனக்கும் ஒரு செம்பு வந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக அதுதான்!"

"மாசானம் காய்ச்சியதா?"

"ஆமாம், அவன்தான்..." இடும்பராயர் அவிழ்த்த குடுமியை அவசரமாக அள்ளி முடியப் பார்த்தார்.

"அப்படியென்றால் என் முடி ஏன் போகிறது?" என்றார் ராஜா.

மந்திரி கருவூலத்திலிருந்து பழைய கிரீடங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கவிழ்த்துக் காட்டினார். எல்லாவற்றிலும் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. ராஜாவின் அப்பா அணிந்ததில் பஞ்சு இன்னும் தடிமன்.

"முடியில்லாத தலையில் கிரீடம் நழுவாமல் இருக்கத்தான் மகாராஜா. இது உங்கள் பரம்பரையில் வருவது. இருக்கிறதைக் கொஞ்சநாள் காப்பாற்றிப் பார்க்கலாம் என்கிறார் வைத்தியர். போனது முழுசாகத் திரும்பாது."

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. தன் வழுக்கையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாசானத்திடம் சத்தியம் வாங்கியது ராஜாவின் அப்பா. இடும்பராயரின் குடுமியை அங்கேயே வழித்துவிட்டார்கள். சபை சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மந்திரியோடு ஆற்றைத் தாண்டிப் போனார். குடிசையில் மாசானம் மெலிந்து கிடந்தார். அவர் தலையிலும் முடி கொத்துக் கொத்தாகப் போயிருந்தது.

"உனக்குமா?" என்றார் ராஜா.

"இது வேறு மகாராஜா" என்றார் மந்திரி. "பட்டினியாலும் துக்கத்தாலும் கொட்டியது. சாப்பாடும் நிம்மதியும் கிடைத்தால் வளர்ந்துவிடும்."

"பேச்சி எங்கே?"

மாசானம் வாசல் புளியமரத்தடியில் இருந்த மண்மேட்டைக் காட்டினார். "மழையில் நனைந்தாள் மகாராஜா. காய்ச்சல் இறங்கவே இல்லை."

ராஜா அங்கேயே கிரீடத்தைக் கழற்றினார். அப்புறம் அவர் அதைத் தலையில் வைக்கவே இல்லை.

மாசானம் அரண்மனைக்குத் திரும்பினார். மந்திரி சொன்னபடியே அவருக்கு முடி வளர்ந்தது. ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது ராஜா சொன்னார்: "உனக்காவது திரும்பி வந்ததே மாசானம். குடுமி போடலாமே?"

"எனக்குப் போட வராது மகாராஜா. பேச்சிதான் குடுமியை முடிந்துவிடுவாள்."

ராஜா எழுந்து அவரை மணையில் உட்காரவைத்தார். எண்ணெய்க் கையோடு அந்த முடியைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டார். அது அவிழ்ந்து விழுந்தது. மறுபடியும் போட்டார்.